இத்தாலிய உணவகத்தில் ஏமாற்றமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரிலோ டெம்ப்சியிலோ ஓர் இத்தாலிய உணவகத்தில் இருவர் இரவு உணவு சாப்பிட்டால் நூறு வெள்ளி சுலபமாகக் கரைந்துவிடும். வந்த தட்டு பிடிக்கவில்லை என்றால் முதலில் எழும் சந்தேகம் ஒன்றுதான்: இந்த உணவே இப்படித்தானா, இல்லை சமையலறையில் கோட்டை விட்டுவிட்டார்களா? உணவே அப்படித்தான் என்றால் காசு கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். கோட்டை விட்டிருந்தால் தட்டைத் திருப்பி அனுப்பலாம். கீழே உள்ள பெரும்பாலான பதில்கள் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதைப் பற்றியவை.

பாஸ்தா நடுவில் கெட்டியாக இருந்தது. வேகவில்லை என்று சொல்லலாமா?

பெரும்பாலும் சொல்ல முடியாது. காய்ந்த பாஸ்தாவைக் கடிக்கும்போது பல்லுக்குச் சற்று எதிர்ப்பு தெரியும் பதத்தில் எடுப்பதுதான் இத்தாலிய முறை. அதைத்தான் ‘அல் தென்தே’ என்கிறார்கள். ஒரு இழையைக் கடித்து, வெட்டுப்பட்ட இடத்தைப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி இருந்தால் பதம் சரி. புள்ளி பெரிதாக, சுண்ணாம்பு போல இருந்து, மாவு பல்லில் ஒட்டினால் அது வேகாத பாஸ்தா. முட்டை சேர்த்துப் பிசைந்த புதுப் பாஸ்தாவுக்கு (தாலியத்தெல்லே, ரவியோலி போன்றவை) இந்தக் கணக்கு பொருந்தாது. அது இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும், நடுவில் கெட்டி இருக்கவே கூடாது.

உண்மையில் உணவகங்களில் நடக்கும் தவறு இதற்கு நேர்மாறானது: குழைந்துபோவது. கூட்ட நேரத்தைச் சமாளிக்கப் பாஸ்தாவை மதியமே முக்கால் பதம் வேகவைத்து, ஒட்டாமலிருக்க எண்ணெய் புரட்டி, குளிர்பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஆர்டர் வந்ததும் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துச் சாஸில் கொட்டுவார்கள். எண்ணெய் பூசிய பரப்பில் சாஸ் பிடிக்காது. தட்டைச் சற்றுச் சாய்த்தால் போதும், பாஸ்தா ஒரு பக்கமும் எண்ணெய் பிரிந்த சாஸ் மறுபக்கமும் நிற்கும். ஒழுங்காகச் செய்பவர்கள் வேக வேண்டிய நேரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பே எடுத்து, சாஸ் இருக்கும் சட்டியிலேயே அது வெந்த தண்ணீர் ஒரு கரண்டி விட்டுப் புரட்டி முடிப்பார்கள். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்துதான் சாஸை இழையோடு ஒட்ட வைக்கிறது.

இன்னொரு குறை: சாஸில் உப்பு சரியாக இருக்கும், பாஸ்தா மட்டும் சப்பென்றிருக்கும். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டருக்கு 10 கிராம் அளவில் உப்பு என்பது வழக்கமான கணக்கு. தண்ணீரில் உப்பு போடாமல் விட்டதை மேசையில் சரிசெய்யவே முடியாது. மேலே எவ்வளவு சீஸ் தூவினாலும் உள்ளே ஏறாது. புதிதாகச் செய்து தரச் சொல்ல இது நியாயமான காரணம்.

கார்பொனாராவில் கிரீம் ஊற்றியிருந்தார்கள். ஏமாற்றுவேலையா?

கார்பொனாரா ரோம் நகரத்துப் பாஸ்தா வகை, அங்கே அதில் கிரீம் கிடையாது. குவான்சாலே எனப்படும் பதப்படுத்திய பன்றிக் கன்ன இறைச்சி, முட்டை மஞ்சள் கரு, பெக்கொரினோ ரொமானோ சீஸ், மிளகு. அவ்வளவுதான். காளானும் இல்லை, வெங்காயமும் இல்லை. ஆனால் கிரீம் ஊற்றுவதற்குப் பின்னால் ஒரு சமையலறைக் கணக்கு இருக்கிறது. மஞ்சள் கரு 65 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கெட்டியாகத் தொடங்கும். சட்டி கொஞ்சம் சூடு கூடினால் பொரித்த முட்டையாகித் திரிந்துவிடும். இருபது மேசைக்கு ஒரே நேரத்தில் சமைப்பவர் அந்தச் சில டிகிரிக்குள் நிற்பது கஷ்டம். கிரீம் இருந்தால் திரியாது. ஆகவே கிரீம் கார்பொனாரா ஏமாற்றுவேலை அல்ல, சோம்பேறி வழி. ‘ரோமன் முறை’ என்று மெனுவில் எழுதிவிட்டுக் கிரீம் ஊற்றியிருந்தால் மட்டும் தாராளமாகக் கேளுங்கள்.

கிரீம் இல்லாத தட்டில் முட்டைத் துணுக்குகள் தெரிந்தாலும், அடியில் பச்சை முட்டை நீராகத் தேங்கியிருந்தாலும் அது சமையல் பிழை. உடனே திருப்பி அனுப்பலாம்.

பீட்சாவின் நடு சொதசொதவென்று இருந்தது. சரியாக வேகவில்லையா?

என்ன பீட்சா என்பதைப் பொறுத்தது. நேப்பிள்ஸ் வகை 430 டிகிரிக்கு மேல் எரியும் அடுப்பில் 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். விளிம்பு உப்பி, கருப்புப் புள்ளிகளோடு இருக்கும். நடு மெல்லியதாக, ஈரமாக, கையில் எடுத்தால் தொங்கும். இதைச் செய்யும் கலையை யுனெஸ்கோ 2017ல் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. அதனால் தொங்குகிறதே என்று குறை சொல்வதில் பயனில்லை. மொறுமொறுப்பு வேண்டும் என்றால் ஆர்டர் செய்யும்போதே ரோமன் வகை இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிழை எப்போது? ஒரு துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழுப்பேறாமல் வெளுத்து, சாஸுக்குக் கீழே பசை மாதிரி ஒரு கோடு ஓடினால் மாவு வேகவில்லை. மேலே வெள்ளைத் தண்ணீர் குளமாக நின்றால் மொத்சரெல்லா சீஸை வடியவிடாமல் போட்டிருக்கிறார்கள். எருமைப்பால் மொத்சரெல்லாவில் ஈரம் அதிகம், வெட்டிச் சல்லடையில் சில மணி நேரமாவது வைக்க வேண்டும். அடி கருகிக் கசந்தால் அடுப்புத் தளத்தில் பழைய மாவு எரிந்து ஒட்டியிருக்கிறது.

பீட்சா வந்ததும் பத்து நிமிடம் படம் எடுத்துக்கொண்டிருந்தால் எந்தச் சமையல்காரரும் பொறுப்பல்ல. வீட்டுக்கு வரவழைத்தால் இன்னும் மோசம், மூடிய அட்டைப்பெட்டியில் தன் ஆவியிலேயே ஊறிவிடும்.

ரிசோத்தோ குழம்பு மாதிரி ஓடியது. அதோடு அரிசியும் விறைப்பாக இருந்தது.

ரிசோத்தோ என்ற இத்தாலிய அரிசி உணவு கஞ்சியும் அல்ல, தயிர்சாதமும் அல்ல. தட்டின் அடியைத் தட்டினால் அலை போல மெல்லப் பரவ வேண்டும். கரண்டியில் குவித்தது அப்படியே மலையாக நின்றால்தான் தப்பு, அது செய்து வைத்து இறுகிப்போனது. அரிசி நடுவில் லேசாகப் பல்லுக்குத் தெரிவதும் சரிதான்.

ஆர்போரியோ அல்லது கார்னரோலி அரிசி வேக 16 முதல் 18 நிமிடம் ஆகும். ஆர்டர் கொடுத்து ஐந்து நிமிடத்தில் வந்தால் முன்பே பாதி வேகவைத்துத் தட்டில் பரப்பி ஆறவைத்தது. பல பெரிய சமையலறைகளில் இது வழக்கம், நன்றாகச் செய்தால் நாக்குக்குத் தெரியாது. தெரிந்தால் அது வெளியே குழைந்து உள்ளே மாவாக இருக்கும். அதைச் சொல்லித் திருப்பலாம்.

நாங்கள் சைவம். ‘வெஜிடேரியன்’ என்று குறித்ததை ஆர்டர் செய்தால் போதாதா?

போதாது. இத்தாலியச் சமையலில் அசைவம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் ஒளிந்திருக்கும்.

முதல் இடம் சீஸ். பார்மிஜியானோ ரெஜியானோ, கிரானா படானோ, பெக்கொரினோ ரொமானோ மூன்றும் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் உறையவைக்கப்படுபவை. இதைச் சைவமாக ஏற்பதா இல்லையா என்பது அவரவர் முடிவு. ஏற்காதவர்கள் பெஸ்தோ என்ற பேசில் இலைச் சாஸையும் விட வேண்டும், அதிலும் இந்தச் சீஸ் உண்டு. இரண்டாவது இடம் ஸ்டாக், அதாவது எலும்போ காய்கறியோ வேகவைத்து வடித்த சாறு. காளான் ரிசோத்தோ, மினெஸ்ட்ரோனே சூப் இரண்டிலும் கோழி ஸ்டாக் இருக்கக்கூடும். மூன்றாவது நெத்திலி. புத்தானெஸ்கா சாஸில் அது வழக்கமான பொருள், எண்ணெயில் கரைந்துவிடுவதால் துண்டு தெரியாது. கீரை சேர்த்த ஒரேக்கியெத்தே பாஸ்தாவிலும் அடிக்கடி போடுவார்கள். இனிப்பிலும் கவனம் தேவை: பன்னா கோத்தாவை ஜெலட்டினால் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) உறையவைப்பார்கள், திராமிசுவில் முட்டையும் பெரும்பாலும் மதுவும் உண்டு. ரிசோத்தோவில் வெள்ளை ஒயின் ஊற்றுவது இயல்பு.

முட்டையும் கூடாதென்றால் காய்ந்த பாஸ்தாவைக் கேளுங்கள். அது பெரும்பாலும் ரவையும் தண்ணீரும் மட்டுமே. ‘ஃபிரெஷ்’ பாஸ்தா என்றால் முட்டை இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓரளவு தைரியமாகக் கேட்கக்கூடியவை: ஸ்பகெத்தி அல்யோ எ ஓலியோ (பூண்டு, எண்ணெய், மிளகாய்), பொமொதோரோ (தக்காளிச் சாஸ்), அராபியாத்தா (காரமான தக்காளிச் சாஸ்). மூன்றையும் சீஸ் போடாமல் கேட்கலாம். பீட்சாவில் ‘மரினாரா’ இருக்கிறது: தக்காளி, பூண்டு, ஒரேகானோ, ஆலிவ் எண்ணெய், சீஸே கிடையாது. பெயரைப் பார்த்து மீன் என்று நினைத்துப் பலர் தாண்டிவிடுகிறார்கள்.

புரட்டாசி விரத காலத்தில் குடும்பமாகப் போவதென்றால் இதையெல்லாம் மேசையில் உட்கார்ந்து விசாரிக்காதீர்கள். இடம் பதியும்போதே எழுதிக் கேளுங்கள். இரவு எட்டு மணிக்குப் பணியாளர் சொல்லும் “நோ மீட்” என்ற பதிலில் ஸ்டாக்கும் ரென்னட்டும் அடங்காது.

மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம். எதில் கவனம்?

பெயரில் மாடு இல்லாத உணவுகளில். போலொனேசே சாஸும் லசான்யாவும் பொதுவாக மாட்டிறைச்சி, பல இடங்களில் பன்றியும் கலந்தது. ‘வியல்’ என்பது கன்று இறைச்சி, ஓசோபூக்கோ அதன் கால் பகுதி. சால்திம்போக்காவும் கன்றுதான், மேலே பன்றி ஹாம் இருக்கும். பிரெசாவோலா என்று மெல்லிய சிவப்புத் துண்டுகளாக வருவது உலர்த்திய மாட்டிறைச்சி.

‘நோ போர்க், நோ லார்ட்’ என்று எழுதியிருந்தால் ஹலாலா?

இல்லை. அது கடைக்காரர் தாமே சொல்லிக்கொள்வது. சமையலில் ஒயின் இருக்கலாம், இறைச்சி ஹலால் முறையில் அறுக்கப்படாததாக இருக்கலாம். முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) வழங்கும் சான்றிதழ் கடையில் மாட்டப்பட்டிருக்க வேண்டும், காலாவதித் தேதியையும் பாருங்கள். ஒரே பெயரில் பல கிளைகள் இருந்தால் நீங்கள் போகும் கிளைக்கான சான்றிதழ்தான் கணக்கு. ஹலால் உணவகத்தில் கார்பொனாரா மாட்டு பேக்கன் அல்லது வான்கோழியோடு வரும். ருசி வேறுதான், அதைக் குறையாகச் சொல்ல முடியாது.

அளவு ரொம்பக் குறைவு. 28 வெள்ளிக்கு நாலு வாய்தானா?

இத்தாலிய விருந்தில் பாஸ்தா ஒரு முழுச் சாப்பாடு அல்ல, நடுவில் வரும் ஒரு கட்டம். ஒருவருக்குக் காய்ந்த கணக்கில் 80 முதல் 100 கிராம்தான். அதற்குப் பிறகு ‘செகொந்தோ’ என்று மீனோ இறைச்சியோ வரும். அது தனியாகத்தான் வரும். காய்கறி, உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் ‘கொந்தோர்னோ’ பகுதியிலிருந்து தனியாக ஆர்டர் செய்ய வேண்டும். வெறும் தட்டில் ஒரு மீன் துண்டு மட்டும் வந்து நிற்கும்போது ஏற்படும் அதிர்ச்சிக்கு இதுதான் காரணம்.

நம் பழக்கம் எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிர்வது. அப்படி வேண்டும் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே “எல்லாம் சேர்ந்து வரட்டும்” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஒருவர் சாப்பிட்டு முடித்த பிறகு இன்னொருவருக்குத் தட்டு வரும்.

காரமே இல்லையே?

இருக்காது. அராபியாத்தா அல்லது அல்யோ எ ஓலியோ எடுங்கள், சில்லி பாடி (சிறிய காரமிளகாய்) நறுக்கித் தரச் சொன்னால் பெரும்பாலான இடங்களில் தருவார்கள்.

மெனுவில் 88 வெள்ளி, பில்லில் 105. எப்படி?

விலைக்குப் பக்கத்தில் இரட்டைக் கூட்டல் குறி (++) இருந்திருக்கும். முதல் கூட்டல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இரண்டாவது 9 விழுக்காடு பொருள், சேவை வரி. வரி, சேவைக் கட்டணத்தின் மேலும் விழும். பாஸ்தா 28, பீட்சா 26, திராமிசு 16, இரண்டு புட்டித் தண்ணீர் 18 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 88. சேவைக் கட்டணம் 8.80 சேர்ந்து 96.80. அதற்கு 9 விழுக்காடு 8.71. ஆக 105.51 வெள்ளி. மனக்கணக்குக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், சரியாக வரும்.

சேவைக் கட்டணம் வசூலிக்கும் உணவகம் மெனுவில் வரி சேர்க்காத விலையைப் போடலாம், ஆனால் வரியும் கட்டணமும் கூடுதலாக வரும் என்று தெரியும்படி எழுத வேண்டும். சேவைக் கட்டணமே வாங்காத கடை என்றால் போட்ட விலையிலேயே வரி அடங்கியிருக்க வேண்டும். சேவைக் கட்டணம் சட்டம் விதித்தது அல்ல, கடையின் முடிவு. சேவை மோசமாக இருந்தால் எடுத்துவிடும்படி கேட்கலாம், சம்மதிப்பது மேலாளர் விருப்பம். வரியை எடுக்கச் சொல்ல முடியாது, கட்டணம் குறைந்தால் அதுவும் குறையும்.

பில்லை வீங்க வைப்பவை மூன்று. உட்கார்ந்ததும் வரும் “ஸ்டில் ஆர் ஸ்பார்க்லிங்?” என்ற கேள்வி. இரண்டுமே காசுக்கான புட்டித் தண்ணீர், குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று நீங்களாகச் சொல்ல வேண்டும் (சில இடங்களில் அதற்கும் காசு, கேட்டுக்கொள்ளுங்கள்). அடுத்தது எடை போட்டு விற்கும் மீன். 100 கிராம் 14 வெள்ளி என்பது மலிவாகத் தோன்றும், 900 கிராம் மீன் வந்தால் 126, கூடுதல்கள் சேர்ந்து 151 வெள்ளி. சமைக்கும் முன் எடையையும் மொத்த விலையையும் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவது, மேசையில் சீவிப் போடும் டிரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த காளான் வகை). கிராம் கணக்கு. எத்தனை கிராம், என்ன விலை என்று சீவுவதற்கு முன் கேட்காவிட்டால் பிறகு வாதாட இடமில்லை. சாதாரணப் பாஸ்தாவின் மேல் டிரஃபிள் வாசனை மூக்கைத் துளைத்தால் அது பெரும்பாலும் செயற்கை மணம் சேர்த்த எண்ணெய், அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

திருப்பி அனுப்புவது எப்படி? சங்கடமாக இருக்கிறது.

நம்மில் பலர் “பரவாயில்லை” என்று தட்டைக் காலி செய்துவிட்டு, வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் குறை சொல்வோம். காலித் தட்டை வைத்துக்கொண்டு சொல்லும் புகாருக்கு எடை கிடையாது.

இரண்டு மூன்று வாய்க்குள் முடிவு செய்யுங்கள். கரண்டியை வைத்துவிட்டுப் பணியாளரைக் கூப்பிடுங்கள். “நல்லா இல்லை” என்று சொல்லாதீர்கள், அதற்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது. குறையைப் பெயரிட்டுச் சொல்லுங்கள்: பாஸ்தா குழைந்திருக்கிறது, கோழி உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறது, சூப் ஆறிவிட்டது. கூடவே என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்: புதிதாகச் செய்து தருவதா, வேறு உணவா, பில்லிலிருந்து நீக்குவதா. பணியாளர் தயங்கினால் மேலாளரை அழைக்கச் சொல்லலாம், குரலை உயர்த்த வேண்டியதில்லை. ஆறிப்போனதை ‘சூடாக்கித் தருகிறோம்’ என்றால் சூப்புக்குச் சரி, பாஸ்தாவுக்கு வேண்டாம். இரண்டாவது முறை சூடேறினால் அது குழைந்துதான் வரும்.

இலவச இனிப்பு தருகிறோம் என்பார்கள். தட்டில் உள்ள குறை சின்னது என்றால் ஏற்கலாம். 40 வெள்ளி மீன் வீணாகியிருந்தால் அதன் விலையைக் கழிக்கச் சொல்வதே முறை. குறை எதுவும் இல்லாமல் உங்கள் நாக்குக்குப் பிடிக்கவில்லை என்றால் அது திருப்பக் காரணம் ஆகாது.

பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடலாமா?

வேண்டாம். பணத்தைக் கொடுத்து, ஆட்சேபத்தைப் பில்லிலேயே எழுதி, படம் எடுத்து வையுங்கள். மறுநாள் உணவகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இரவில் மறுத்த மேலாளரைவிட அலுவலகத்தில் இருப்பவர் இறங்கி வருவார். அதற்கும் மசியாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் வைக்க முடியாது. ஒரு தட்டுப் பாஸ்தாவுக்காக அங்கே போவது நேர விரயம். முப்பது பேர் பிறந்தநாள் விருந்துக்குக் கட்டிய முன்பணம் சிக்கிக்கொண்டால் போகலாம்.

சாப்பிட்ட இரவே வயிற்றுப்போக்கு. உணவகம்தான் காரணமா?

உடனே முடிவு கட்ட முடியாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சு அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தியைக் கொண்டுவரும். சால்மொனெல்லா ஆறு மணியிலிருந்து ஆறு நாள் வரை எடுக்கலாம், ஆகவே முந்தாநாள் சாப்பிட்டதும் சந்தேகப் பட்டியலில் உண்டு. இத்தாலிய மெனுவில் பச்சை முட்டைக்கு வாய்ப்புள்ளவை திராமிசுவும் கார்பொனாராவும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் முதியவர்களும், பாஸ்டரைஸ் செய்த (கிருமி சாகும்படி சூடாக்கிய) முட்டைதானா என்று கேட்ட பிறகே சாப்பிடுவது நல்லது.

மருத்துவரைப் பாருங்கள், சான்றிதழையும் பில்லையும் வைத்திருங்கள். கூடச் சாப்பிட்ட யார் யார் எதைச் சாப்பிட்டார்கள், எப்போது அறிகுறி வந்தது என்று நேரத்தோடு எழுதி, சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் இணையத்தில் தெரிவியுங்கள். பலருக்கு ஒரே உணவால் வந்திருந்தால் அந்தக் குறிப்பு விசாரணைக்கு நேரடியாக உதவும்.

மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லலாமா?

சொல்லலாம். பச்சை முட்டை சேர்ந்த உணவைக் கட்டித்தர மறுத்தால் கோபப்படாதீர்கள், நம் ஊர் வெப்பத்தில் அது நியாயம். வீட்டுக்குப் போனதும் குளிர்பெட்டியில் வையுங்கள். பீட்சாவை மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகும். காய்ந்த தோசைக்கல்லில் மிதமான தீயில் நாலைந்து நிமிடம், கடைசி ஒரு நிமிடம் மூடி போட்டால் அடி மொறுமொறுப்பாகி மேலே சீஸ் உருகும். தக்காளிப் பாஸ்தாவுக்கு இரண்டு தேக்கரண்டி தண்ணீர் விட்டுச் சட்டியில் புரட்டுங்கள். இறுகிப்போன ரிசோத்தோவைச் சூடாக்கி மீட்க முடியாது. அதை அடை போலத் தட்டி, வெண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்கச் சுடுங்கள். மிலான்காரர்களும் மறுநாள் அதைத்தான் செய்கிறார்கள்.